கோடு போட்ட இடத்திலிருந்து

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அப்போது நாங்கள் புனேயில், கட்கியை ஒட்டிய போபோடியில் குடியிருந்தோம். என் கணவருக்குப் பக்கத்திலேயே பாதுகாப்புத் துறை ஃபாக்டரியில் வேலை. நான் கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தவள். வந்து பதினைந்து வருஷத்துக்கு மேலாகியும் எனக்கு மராத்தி அரைகுறைதான், இந்தி அதைவிடக் கொஞ்சம் தேவலாம். அதனால் ஒரு பழக்கத்தைக் கைவசம் வைத்திருந்தேன். யார் என்ன சொன்னாலும் சிரித்த முகமாகத் தலையாட்டிவிடுவேன். பால்காரர், ரேஷன் கடைக்காரர், மாடி வீட்டு அம்மா என்று எல்லோரிடமும் இதே கதைதான். பெரும்பாலும் தப்பில்லாமல் போய்விடும். சில நாள் ஒரு லிட்டர் பாலுக்குப் பதில் மூன்று லிட்டர் வந்து நிற்கும். அன்றைக்குப் பால்கோவா கிண்டிச் சமாளிப்பேன்.

அந்தத் தலையாட்டல் ஒருநாள் என் மகள் தலையில் வந்து விடிந்தது.

அவள் அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். கணக்கும் சயின்ஸும் அவளுக்குச் சுத்தமாக வரவில்லை. வருஷக் கடைசியில் பள்ளியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். தலைமையாசிரியை நல்ல மாதிரியாகத்தான் பேசினார். ஆங்கிலம் பாதி, மராத்தி பாதி. நடுநடுவே என் மகளின் தோளைத் தட்டிக் கொடுத்தார். நல்ல பிள்ளை என்று சொல்கிறார் போலிருக்கிறது என்று நானும் மனம் குளிர்ந்து தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற என் மகளும் தலையாட்டினாள். கடைசியில் ஒரு கவரைக் கையில் கொடுத்தார், வணக்கம் சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து என் கணவர் பிரித்துப் பார்த்தால் உள்ளே எல்.சி. நம் ஊரில் டி.சி. என்போமே, அதுதான். பத்தாம் வகுப்பு ரிசல்ட் கெட்டுப்போகக் கூடாதென்று, மார்க் குறைந்த பிள்ளைகளை ஒன்பதிலேயே கழற்றிவிடுவது அந்தக் காலத்தில் பல இடங்களில் நடந்ததுதான்.

"ஏளா, அவ்வளவு நேரம் அங்க என்னத்தப் பேசிட்டு வந்த?" என்றார்.

"நான் எங்க பேசினேன்? அவங்க பேசினாங்க, நான் தலையாட்டினேன்."

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம். கவரை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். என் மகள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். இந்தத் தலையாட்டலை அவள் யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாதா என்ன?

எங்கள் சந்துக்கு அடுத்த சந்தில் எங்கள் தமிழ் ஆட்களின் சங்கத்துக்குச் சொந்தமான ஒரு ஹால் இருந்தது. ஹால் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நாலு பக்கம் செங்கல் சுவர், மேலே தகரக் கூரை, அதை அங்கே பத்ரா என்பார்கள். பின்னாலேயே ரயில் பாதை. லோனாவ்லா லோக்கல் போகும்போது கூரை கடகடவென்று ஆடும். அந்தச் சத்தம் ஓயும்வரை உள்ளே யார் பேசினாலும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பொங்கல், தீபாவளி, ஒரு நிச்சயதார்த்தம், மார்கழி பஜனை தவிர மற்ற நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கும். அந்தப் பூட்டிய ஹாலில்தான், கார்ப்பரேஷன் பள்ளி வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு மராத்தி டீச்சர், பள்ளிகள் கழற்றிவிட்ட பிள்ளைகளுக்காகக் காலை வேளையில் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். பிள்ளைகள் அவரைத் தாயி என்று கூப்பிடுவார்கள். மராத்தியில் அக்கா என்று அர்த்தம். வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. நேரடியாகப் பத்தாவது எழுதுகிறவர்கள் பதினேழாம் நம்பர் ஃபாரத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், ஊரில் அதற்குச் 'சத்ரா நம்பர் ஸ்கூல்' என்று பெயர். சத்ரா என்றால் பதினேழு. கொஞ்சம் இளக்காரமாகத்தான் சொல்வார்கள்.

முதல் நாள் என் மகளைக் கூட்டிக்கொண்டு போனபோது, மீசை முளைத்த ஒரு நெட்டைப் பையன் கையில் சாக்பீஸோடு போர்டின் முன்னால் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றான். தெரியாதவனை எழுப்பி நிற்கவைத்து மானத்தை வாங்குகிறார்கள், இங்கேயும் அதே கதைதான் என்று நினைத்தேன். தாயி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது. அருகில் வந்து நிதானமாக இந்தியில் ஏதோ விளக்கினார். நான் வழக்கம்போலத் தலையாட்டினேன்.

"என்ன புரிந்தது, சொல்லுங்கள்" என்றார்.

கையும் களவுமாகப் பிடிபட்டேன். புனேக்கு வந்த நாளிலிருந்து ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நான் முழித்ததைப் பார்த்துத் தாயி சிரித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து, இன்னும் சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னார். அன்றைக்கு முழுசாகப் புரிந்துகொண்டேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் வழக்கமே தனி. மற்ற இடங்களில் தெரிந்தவர் போர்டுக்குப் போவார். இங்கே புரியாதவர் கையில்தான் சாக்பீஸ். கணக்கு எதுவரை புரிகிறதோ அதுவரை அவர் எழுத வேண்டும். எங்கே நின்றுபோகிறதோ அந்த இடத்துக்குக் கீழே ஒரு கோடு போட வேண்டும். பிறகு யாரிடம் வேண்டுமானாலும் சாக்பீஸைக் கொடுக்கலாம். வாங்கியவர் மேலே எழுதியிருப்பதை அழிக்கக் கூடாது. 'இதுகூடத் தெரியாதா' என்று சொல்லக் கூடாது. கோடு போட்ட இடத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அவருக்கும் நடுவில் நின்றுபோனால் அவரும் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்தவரிடம் கொடுக்கலாம். சில நாள் சாக்பீஸ் தாயி கைக்கே போய்விடும். தாயியும் கோடு போட்ட நாட்கள் உண்டாம்.

என் மகள் முதல் சில மாதங்கள் அங்கேயும் தலையாட்டிக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தாள். தீபாவளி கழிந்து ஒருநாள் தானாக எழுந்து போயிருக்கிறாள். கேள்வியை மட்டும் எழுதிவிட்டு, அதற்கு அடியிலேயே கோடு போட்டுவிட்டாளாம். அதாவது தொடக்கம் முதலே ஒன்றும் புரியவில்லை. வகுப்பே கைதட்டியதாம். அன்று ராத்திரி சாப்பிடும்போது அதை அவளே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி அவள் வீட்டில் வாய் திறந்ததே அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. நான் ரசம் வைத்தால்கூடப் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, புளி கரைக்குற வரைக்கும் சமஜ் ஆச்சு, உஸ்கே பாத் என்ன?" என்பாள். அவள் தமிழ் அப்படித்தான், பாதி இந்தியில் ஓடும். அதுவரை புரிந்தது, அதற்கப்புறம் என்ன என்கிறாள். எனக்கு அந்தக் கேள்வியே தேனாக இருந்தது.

தை பிறந்தது. சங்கத்தில் பொங்கல் விழா. பிள்ளைகளே பெஞ்சையெல்லாம் ஒதுக்கி, போர்டைத் துடைத்து, கோலம் போட்டுக் கொடுத்தார்கள். சங்கச் செயலாளர் மைக்கைப் பிடித்தார். என் கணவர் வேலை பார்த்த அதே ஃபாக்டரியில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஒழுகல் ஹாலுக்கு விடிவு காலம் வந்துவிட்டது, பில்டரோடு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, பிப்ரவரியிலேயே இடித்து வேலையை ஆரம்பிக்கிறார்கள், கீழே கடைகள், மேலே நம் பிள்ளைகள் கல்யாணத்துக்கு மண்டபம், லிஃப்ட்கூட உண்டு என்றார். ஒரே கைதட்டல். நானும்தான் தட்டினேன். லிஃப்ட் வைத்த மண்டபத்தில் என் மகள் மாலையும் கழுத்துமாக நிற்பதை ஒரு நிமிஷம் நினைத்துக்கூடப் பார்த்துவிட்டேன். பக்கத்தில் திரும்பினால் அவள் தட்டவில்லை. கோலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, என்னாச்சு?" என்றேன்.

"அம்மா, ஃபெப்ரவரில தோட்னேவாலே ஹைன். இடிச்சா நாங்க எங்க உக்காருறது? மார்ச்ல எக்ஸாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தாய்மொழியில் சொன்னதற்கே அர்த்தம் புரியாமல் கைதட்டியிருக்கிறேன்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பெற்றோர் எல்லோரும் கேட்டுக்கொண்டதால், அதே ஹாலில் ஒரு கூட்டம் வைத்தார்கள். செயலாளரும் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும் நாற்காலியில். நாங்கள் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க இடிக்க உட்கார்ந்திருந்தோம். தமிழ், மராத்தி, தெலுங்கு என்று எல்லா ஆட்களும் இருந்தோம். பிள்ளைகள் பின்சுவரோடு நின்றார்கள். தாயி ஒரு மூலையில், இடம் அவர்களுடையது, இத்தனை நாள் கொடுத்ததே பெரிய மனசு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

டெம்போ ஓட்டுகிற ஒரு மராத்தி அப்பா எழுந்து மேஜையைக் குத்திக் கத்தினார். ஒரு அம்மா அழுதார். செயலாளர் பொறுமையாகத்தான் கேட்டார். அவரை வில்லனாக்க எனக்கு மனசில்லை. அந்த ஹால் சுவரை எழுப்பியபோது அவரே செங்கல் சுமந்தவர். தாயிக்குச் சாவியைக் கொடுத்தவரும் அவர்தான்.

"எல்லாம் முறைப்படி நடந்ததுங்க. கையெழுத்து ஆயிடுச்சு, இனிமே நிறுத்த முடியாது. கூரை எந்த மழைக்கு விழும்னு தெரியல, யார் தலையிலாவது விழுந்தா யார் பதில் சொல்றது? புது பில்டிங் வரட்டும். பசங்களுக்கு ஒரு ரூம் ஒதுக்குறதப் பத்திக் கமிட்டில வெச்சுப் பேசலாம்" என்றார். அதையே இந்தியிலும் சொன்னார்.

நியாயமாகத்தான் இருந்தது. கத்தியவர் உட்கார்ந்தார். அழுதவர் கண்ணைத் துடைத்தார். ஒவ்வொருவராகத் தலையாட்ட ஆரம்பித்தார்கள். என் தலையும் ஆடியது. இன்னொரு எல்.சி.யைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகப்போகிறோம் என்று எனக்கே தெரிந்தது. தெரிந்தும் ஆடியது. பாழும் பழக்கம்.

அப்போது பின்னாலிருந்து என் மகள் நடந்து வந்தாள். நான் முன்பெஞ்சில் இருந்ததால் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். "ஏட்டி, எங்க போற? பெரியவங்க பேசிட்டு இருக்காங்கல்லா, சும்மா நில்லு." அவள் துப்பட்டாவை மெல்ல உருவிக்கொண்டு போர்டுக்குப் போனாள். சாக்பீஸை எடுத்தாள். இந்தியில்தான் எழுதினாள். அங்கே இருந்தவர்கள் எல்லோருக்கும் பொதுவாக வாசிக்கத் தெரிந்தது அதுதான். நான் எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

ஹால் சங்கத்துடையது. பழையதாகிவிட்டது, இடிக்க வேண்டும். புது பில்டிங் வந்தால் எல்லோருக்கும் நல்லது. எங்களுக்கு மார்ச்சில் பரீட்சை. பிப்ரவரியில்...

'பிப்ரவரியில்' என்று எழுதியதோடு கை நின்றது. அதற்குக் கீழே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை போகும்போல நீளமாக ஒரு கோடு போட்டாள். திரும்பி வந்து சாக்பீஸைச் செயலாளரிடம் நீட்டினாள்.

"இங்க வரைக்கும் சமஜ் ஆச்சு, அங்கிள். இதுக்கு மேல நீங்க எழுதுங்க."

நீட்டிய கையை அவள் இறக்கவே இல்லை.

செயலாளருக்கு முதலில் சிரிப்பு வந்தது. "என்னம்மா இது?" என்று சாக்பீஸை வாங்கிக்கொண்டு எழுந்துபோய், முதலிலிருந்து தெளிவாக எழுதிக் காட்டலாம் என்று நினைத்தாரோ என்னவோ, டஸ்டரை எடுத்தார்.

"மிடானா நஹீ!"

அழிக்கக் கூடாது என்று பின்சுவரோடு நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அவர் கை அப்படியே நின்றது. அந்தச் சமயம் பார்த்து லோக்கல் ரயில் வந்தது. பத்ரா கடகடவென்று ஆடத் தொடங்கியது. அந்த ஹாலின் வழக்கப்படி எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தோம். அவ்வளவு நேரமும் அந்த மனிதர் கையில் சாக்பீஸோடு அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். முதல் நாள் நான் பார்த்த நெட்டைப் பையன் நின்றது மாதிரியே.

ரயில் போன பிறகு, "இதுக்கு மேல எனக்கும் தெரியலம்மா" என்றார். மைக்கில் பேசிய குரல் இல்லை அது.

மூலையிலிருந்து தாயி மரியாதையாகச் சொன்னார். "தோ லைன் கீஞ்சியே, சாஹிப்." அப்படியானால் கோடு போடுங்கள்.

போட்டார். அத்தனை பேர் முன்னிலையில், தனக்குத் தெரியவில்லை என்று ஒரு பெரிய மனிதர் கோடு போட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இன்று வரைக்கும் அவர்மேல் எனக்கிருக்கும் மரியாதை அந்தக் கோட்டுக்காகத்தான்.

போட்டுவிட்டு, சாக்பீஸை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் திரும்பினார். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது நான். கொடுத்துவிட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் சாக்பீஸைத் தொட்டதே கிடையாது, கோலத்தோடு சரி. கூட்டத்தில் எழுந்து நின்றதும் கிடையாது. என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அந்தச் சமயம் அவருக்கு நைட் ஷிஃப்ட். எங்கள் வீடு ஒரு முன்னறையும் ஒரு அடுப்படியும்தான். காலையில் வேலைவிட்டு வந்து அந்த முன்னறையில்தான் அவர் தூங்குவார். அவரிடம் கேட்க நேரமில்லை. கேட்டால் எனக்குத் தைரியம் போய்விடும் என்றும் தோன்றியது. விறுவிறுவென்று போய், எனக்குத் தெரிந்த எழுத்தில், தமிழில் எழுதினேன். 'எங்கள் வீட்டு முன்னறை. காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை.'

பின்னாலிருந்து என் கணவர் குரல் வந்தது. "ஏளா, அப்ப நான் எங்க படுக்க?"

"அடுப்படில" என்றேன்.

தமிழ் தெரிந்தவர்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். மற்றவர்களுக்கு என் மகள் இந்தியில் சொன்னாள், அவர்களும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. காலை மட்டும்தானே என்னால் முடியும்? கீழே ஒரு கோடு போட்டு, சாக்பீஸை டெம்போக்காரரிடம் கொடுத்தேன்.

"காய் லிஹிலய், வஹினி?" என்ன எழுதியிருக்கிறீர்கள் அண்ணி என்று கேட்டார். என் மகள் படித்துச் சொன்னாள். மனிதர் ஒரு நிமிஷம் தாடியைச் சொறிந்தார். பிறகு எழுந்துபோய், டெம்போ நிறுத்துகிற தன் ஷெட்டு பகலில் காலிதான், மத்தியானம் அங்கே உட்காரலாம் என்று மராத்தியில் எழுதினார். கோடு. பூக்கடை வைத்திருந்த தெலுங்கு அம்மா, தன் வீட்டு மாடி அறை சாயங்காலத்துக்கு என்று சொல்ல, அவர் மகன் எழுதினான். கோடு. சாக்பீஸ் சுற்றிச் சுற்றிக் கடைசியில் மறுபடியும் செயலாளர் கைக்கே வந்தது. பெஞ்சுகளைத் தன் வீட்டு வராந்தாவில் பத்திரமாக வைத்துக்கொள்வதாகவும், ஞாயிற்றுக்கிழமை மாடல் டெஸ்ட்டுக்குத் தன் வீட்டு மொட்டை மாடி என்றும் எழுதினார். போர்டு முழுக்க மூன்று நாலு விதமான எழுத்தும் கோடுமாக நிரம்பிவிட்டது. தாயி மூலையில் உட்கார்ந்தபடியே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பப்பா, அந்தப் பார்வை!

பிப்ரவரியில் ஹாலை இடித்தார்கள். அதற்கு முந்தின நாள் பிள்ளைகள் போர்டைக் கழற்றித் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வந்து பார்த்தால் போர்டு எங்கள் வாசலுக்குள் நுழைய மாட்டேன் என்கிறது. இப்படிச் சாய்த்துப் பார்த்தார்கள், அப்படிச் சாய்த்துப் பார்த்தார்கள். கடைசியில் வாசலுக்கு வெளியே சந்திலேயே சுவரில் சாத்தி வைத்தோம். பிள்ளைகள் முன்னறையில் உட்கார்ந்திருப்பார்கள், எழுத மட்டும் வெளியே ஓடுவார்கள். சந்தில் போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்ப்பார்கள். அடுப்படியில் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்திருக்கும் என் கணவர், பிள்ளைகள் சத்தம் அதிகமானால், "தூங்கலப்பா, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று குரல் கொடுப்பார். உடனே எல்லோரும் குசுகுசுவென்று அல்ஜீப்ரா போடுவார்கள்.

ஒருநாள் குழாயடியில் தண்ணீர் பிடிக்கிற முறையில் இரண்டு வீட்டுப் பெண்களுக்குள் சண்டை முற்றிவிட்டது. அதில் ஒருத்தி நேராக வந்து எங்கள் போர்டில், முதலில் யார் வந்தார்கள், பிறகு என்ன நடந்தது என்று எழுதிக் கோடும் போட்டுவிட்டு, சாக்பீஸை மற்றவளிடம் கொடுத்தாள். சந்தே கூடிவிட்டது. அன்றைக்குச் சண்டை அடிதடி இல்லாமல் தீர்ந்தது. எங்கள் சத்ரா நம்பர் பிள்ளைகள் கொடுத்த வழக்கம் என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

மார்ச்சில் எல்லோரும் பரீட்சை எழுதினார்கள். ஒரு பிள்ளைகூட நடுவில் நிற்கவில்லை. இரண்டு பேருக்கு மட்டும் ஒவ்வொரு பேப்பர் போனது, அக்டோபரில் எழுதி முடித்தார்கள். என் மகள் பாஸ். கணக்கில் அவள் வாங்கிய மார்க்கைச் சொன்னால் சிரிப்பீர்கள், அதனால் சொல்ல மாட்டேன். ஆனால் ரிசல்ட் வந்த அன்று அவளை ஒன்பதாவதில் கழற்றிவிட்ட பள்ளியின் வாசல் வழியாகவே, கையில் பேடாப் பெட்டியோடு, வேண்டுமென்றே இரண்டு தடவை நடந்தேன். எனக்கும் ரோஷம் உண்டல்லவா?

பள்ளிக்கூடம் மட்டும் எங்களுக்கு மிஞ்சவில்லை. பரீட்சை முடிந்த கையோடு, படுக்கையில் விழுந்த மாமனாரைப் பார்த்துக்கொள்ளத் தாயி குடும்பத்தோடு சாதாரா பக்கம் போக வேண்டி வந்துவிட்டது. எங்களிடம் வீடு இருந்தது, பெஞ்சு இருந்தது, போர்டு இருந்தது. நடத்துவதற்கு ஆள் இல்லை. தாங்களே நடத்துவதாக இரண்டு அம்மாக்கள் முயற்சி செய்தார்கள், ஒரு மாதத்துக்கு மேல் ஓடவில்லை. ஜூன் மாத மழையில் ஒருநாள், குடையும் பையுமாக ஒரு பெண் என் வாசலில் வந்து நின்றாள். பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு அவள் பெண். கையில் அதே மாதிரி ஒரு கவர். சத்ரா நம்பர் ஸ்கூல் எது என்று கேட்டாள். எனக்கு விரல் நீட்டிக் காட்ட ஓர் இடம் இல்லை. உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தேன், தாயியின் ஊர் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு வெகுநேரம் அழுதேன்.

புது பில்டிங் எழுந்தது. கடைகள் வந்தன, மண்டபம் வந்தது, லிஃப்டும் வந்தது. பிள்ளைகளுக்கான ரூம் மட்டும் கமிட்டியில் பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்தச் செயலாளர் அப்போது பதவியில் இல்லை. ஒருநாள் கடைத்தெருவில் என்னைப் பார்த்து, "பேசிப் பாத்தேம்மா. நடக்கல" என்றார். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அது அவர் போட்ட இரண்டாவது கோடு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நாங்கள் நிக்டி பக்கம் வீடு மாறி வந்துவிட்டோம். என் மகள் காமர்ஸ் படித்து முடித்து, மகர்பட்டாவில் ஓர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த லிஃப்ட் வைத்த மண்டபத்தில்தான் அவள் கல்யாணம் நடந்தது. நாற்காலிகளுக்கு நடுவில் நின்று, போர்டு இருந்த சுவர் எந்தப் பக்கம் என்று நானும் அவளும் தேடிப் பார்த்தோம். கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தச் சமயம் லோக்கல் ரயில் வந்தது. மற்றவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் மட்டும், வழக்கம் மாறாமல், வாயை மூடிக்கொண்டு அது போகும்வரை காத்திருந்தோம்.

போன வருஷம் என் கணவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, டாக்டர் ஆங்கிலமும் இந்தியுமாக வேகவேகமாக ஏதோ விளக்கினார். என் தலை பழக்கத்தில் ஆடத் தொடங்கியது. பாதியில் நிறுத்திவிட்டு, எனக்குத் தெரிந்த இந்தியில், "இதுவரைக்கும் புரிந்தது, இதற்கு மேல் மறுபடி சொல்லுங்கள்" என்றேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படம் வரைந்து சொன்னார். கேட்டதால்தான் எந்த மாத்திரையை எப்போது கொடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரிந்தது. என் கணவர் இன்று முன்னறையில் நிம்மதியாகத் தூங்குகிறார். ஒன்பதாம் வகுப்பிலேயே வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட என் மகளிடம் நான் படித்துப் பாஸான ஒரே பாடம் அது; அந்தப் பள்ளிக்கூடம் இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் நான் தயங்காமல் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறேன்.